கொக்கு விமானத்தின் கடைசி விருந்தாளிகள்

"ஹலோ, ஏர்லைன் ஆபீஸுங்களா? எங்க வீட்டு மாப்பிள்ளைய எங்கங்க கொண்டுபோய் வச்சிருக்கீங்க?"

துபாயில் மத்தியானம். டேரா கடைத்தெருவில் கடைகளெல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் கலைந்திருந்தன. நான் மட்டும் அலுவலகத்தில் உட்கார்ந்து, கீழே கஃபட்டீரியாவில் வாங்கிய பரோட்டாவை டிக்கெட் உறைகளைப் பரப்பி அவற்றின்மேல் வைத்துத் தின்றுகொண்டிருந்தேன். அந்த உறைகளுக்கு இனி வேறு உபயோகம் கிடையாது. மூன்று நாள் முன்புதான் எங்கள் விமான நிறுவனத்தை மூடியிருந்தார்கள்.

பேசியவன் பெயர் துரை. குவைத்தில் ஃபர்வானியாவிலிருந்து பேசுகிறேன் என்றான். அவன் தங்கை கலாவுக்கு அடுத்த வாரம் கல்யாணம். மாப்பிள்ளை செல்வராசு துபாயில் பெயிண்டர். சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஏர்போர்ட்டுக்கு வந்து, எங்கள் விமானத்தில் ஏறியவன். ஊர் போய்ச் சேரவில்லை.

"சின்ன டிலேதான் தம்பி" என்றேன். வாய்ப் பழக்கம். செத்துப்போனவருக்கு லேசான காய்ச்சல் என்று சொல்கிற மாதிரிதான்.

ஒன்றரை விமானம்

நான் ஒரு தீவு நாட்டின் ஏர்லைனில் வேலைக்குச் சேர்ந்ததைச் சென்ற வாரம் எழுதியதும், எந்தத் தீவு என்று சில வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். சொல்ல மாட்டேன். அந்தத் தீவுக்காரர்கள் தங்கமானவர்கள். அவர்களுடைய ஏர்லைனும் இப்போது இல்லை. இல்லாதவர்களைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்பார்கள். அதனால் பெயரை விட்டுவிட்டுக் குறையை மட்டும் பேசுகிறேன்.

அக்கம்பக்கத்து நாடுகளிடமெல்லாம் விமானம் இருக்கிறது, நம்மிடம் இல்லையே என்ற ஏக்கத்தில் பிறந்த நிறுவனம் அது. முதலில் தபால்தலை வெளியிட்டார்கள். அப்புறம் ஒரு பாட்டு எழுதி இசையமைத்தார்கள். பணிப்பெண்களுக்குச் சீருடை தைத்தார்கள். எல்லாம் தயாரான பிறகு விமானம் வந்தது. அதுவும் வாடகைக்கு.

வேறெந்த நாட்டிலோ ஓடித் தேய்ந்த விமானம். முன்சீட்டின் முதுகில் எங்களில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாத மொழியில் ஏதோ எச்சரிக்கை ஒட்டியிருக்கும். உள்ளே நுழைந்தால் ஈரக் கம்பளமும் பழைய சிகரெட்டும் கலந்த வாடை. அது வளைகுடாவிலிருந்து தீவு வரைக்கும் போகும். தீவிலிருந்து திருச்சிக்கு, மூக்கில் விசிறி வைத்த சின்ன விமானம் ஒன்று. அது மட்டும் சொந்தம். பெரியது ஒன்று, சின்னது அரை என்று கணக்குப் போட்டு, கேம்ப்பில் எங்களுக்கு 'ஒண்ணரை பிளேன் கம்பெனி' என்று பெயர்.

வாலில் ஒரு வெள்ளைக் கடற்பறவை வரைந்திருக்கும். அது அந்த நாட்டின் வீரத்துக்கும் விடுதலைக்கும் அடையாளம் என்று விளம்பரப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள். நம் ஆட்கள் அதைக் கொக்கு என்றார்கள்.

"பாய், இன்னிக்குக் கொக்கு வருமா வராதா?"

நான் அதிராம்பட்டினத்துக்காரன். வீட்டில் வைத்த பெயர் என்னவாக இருந்தாலும், பெரம்பலூர், அரியலூர்ப் பையன்களுக்கு நான் பாய்தான்.

இவ்வளவு பெருமை உள்ள விமானத்தில் ஏன் ஏறினார்கள் என்று கேட்பீர்கள். சுற்றிக்கொண்டு போனாலும் திருச்சியில் இறக்கிவிடும். மூட்டை விஷயத்தில் மகா தாராளம். கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, பூப்போட்ட கம்பளி, பால்பவுடர் டின், பக்கத்து ஊர்க்காரன் கொடுத்துவிட்ட சாமான் எதற்கும் முகம் சுளிக்காது. இப்படிச் சுளிக்காமல் இருந்ததும் அது செத்ததற்கு ஒரு காரணம் என்று பிறகு சொன்னார்கள்.

மேனேஜரின் பாடம்

எங்கள் மேனேஜர் தீவுக்காரர். குள்ளமாக, எப்போதும் சலவைச் சட்டையில் இருப்பார். நான் சேர்ந்த அன்றைக்கே எனக்கு ஒரு பாடம் சொன்னார்.

பயணியிடம் உண்மையைச் சொல்லாதே. இஞ்சினில் கோளாறு என்றால் பயப்படுவான். பைலட் வரவில்லை என்றால் கோபப்படுவான். விமானமே இன்னும் அந்தப் பக்கம் கிளம்பவில்லை என்றால் அழுதுவிடுவான். சின்ன டிலே என்று சொல். அதில் எல்லாம் அடக்கம்.

நான் நல்ல மாணவன். சில மாதங்களில், பாலைவனத்து மணல்காற்றில் தொடங்கி ரேடியோ சிக்னல் வரை காரணங்களைக் கோர்வையாக அவிழ்த்துவிடக் கற்றுக்கொண்டேன். ஒருமுறை, பறவைகள் இடம்பெயர்கிற பருவம், அதற்காகத்தான் காத்திருக்கிறோம் என்றுகூடச் சொன்னேன். "கொக்குக்குக் கொக்கே வழி விடமாட்டேங்குதா பாய்?" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். விமானம் மறுநாள் வந்தது.

இதனால் ஏற்பட்ட பலன் ஒன்று உண்டு. வளைகுடாவில் யாரும் நம்பாத மனிதர்களில் நான் முன்வரிசைக்கு வந்துவிட்டேன். என் மனைவியே, சமையலாகிவிட்டதா என்று நான் கேட்டால், "சின்ன டிலேதான்" என்பாள்.

நிறுவனம் மூடப்பட்டதை மேனேஜருக்குச் சொன்னது அவருடைய மனைவிதான். தீவில் காலை வானொலியில் செய்தி கேட்டுவிட்டு, "இனிமேல் எங்கே வேலைக்குப் போவீர்கள்?" என்று போன் செய்திருக்கிறார். அவர் ரிசீவரை வைத்துவிட்டு, மேஜைமேல் இருந்த பொம்மை விமானத்தை எடுத்துத் துடைத்தார். எனக்கு அவர்மேல் ஒரு நாளும் வராத பாசம் அன்றைக்கு வந்தது.

வாடகை விமானத்தை அதன் சொந்தக்காரர்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அரை விமானத்தைக் கடன்காரர்கள் கைப்பற்றினார்கள். ஒன்றுக்கும் அரைக்கும் நடுவே, தீவில், செல்வராசும் அவனுடன் வந்த சோனாப்பூர் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேரும் மாட்டிக்கொண்டார்கள்.

மீசை வைத்த திருமதி

அவர்களைத் தங்கவைக்க ஊருக்குள் இருந்த சாதாரண லாட்ஜில் இடமில்லை. ஏர்லைனின் இயக்குநர்களில் ஒருவருக்குக் கடற்கரையில் சொகுசு விடுதி இருந்தது. புதுமணத் தம்பதிகள் தேனிலவுக்கு வருகிற இடம். சீசன் இல்லாததால் காலியாகக் கிடந்தது. ஏர்லைன் செலவில் தன் அறைகளை நிரப்பிக்கொள்வது அவருக்கு வழக்கம். ஏர்லைனே போய்விட்ட செய்தி அவருக்கு வருவதற்குள் ஆட்களை உள்ளே அனுப்பிவிட்டார்கள். வந்த விருந்தாளியை வெளியே போகச் சொல்வது அந்தத் தீவில் பெரிய மானக்கேடு. அதனால் மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு உபசரித்தார்.

துரை பேசுவதற்கு முந்தின நாளே நான் விடுதிக்குப் போன் போட்டு செல்வராசைக் கூப்பிடச் சொன்னேன்.

"பாய்! எப்பிடிச் சொல்றதுன்னே தெரியல பாய். கட்டில் நடுவுல பூவால இதயம் போட்டு வச்சிருக்கான். நானும் நாமக்கல் சுப்ரமணி அண்ணனும் ஆளுக்கொரு ஓரமாப் படுத்துக்கிறோம், பூ கலஞ்சிரக் கூடாதுன்னு. துண்ட மடிச்சு நம்ம கொக்கு மாதிரியே செஞ்சு தலமாட்டுல வச்சிருக்கான். மொகம் தொடைக்க மனசு வரல."

"சாப்பாடு?"

"கேக்காமயே பழம் வெட்டித் தர்றான். காசு கேப்பானோன்னு மொத நாள் தொடவே இல்ல. அப்புறம் அந்த வெயிட்டர் பையன், ஏன் சாப்ட மாட்டேங்கிறீங்கன்னு அழுவுற மாதிரி ஆயிட்டான். சரின்னு சாப்ட்டோம்."

நான் சிரித்தேன். அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம். டிக்கெட் வாங்க வந்த அன்றைக்கு, மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையை என்னிடம் நீட்டியவன் அவன். "நீங்க வரமாட்டீங்கன்னு தெரியும் பாய். இருந்தாலும் முறை இருக்குல்ல" என்றான்.

ஆனால் வினை வேறு இடத்தில் இருந்தது. அந்த விடுதியில் அறை என்றாலே தம்பதிக்குத்தான். ஆள் யார் என்று பார்க்காமல், ஒவ்வொரு அறைக்கும் ஒரு பெயரைத் தட்டி, முன்னால் 'திரு மற்றும் திருமதி' போட்டுவிடுவார்கள். சுப்ரமணி கம்பி கட்டுகிற வேலைக்காரர். கிருதா வரைக்கும் மீசை. விடுதிக் கணக்கில் அவர்தான் திருமதி செல்வராசு.

துரையின் கேள்விகள்

செல்வராசு தன் அம்மாவுக்குப் போன் செய்து, விடுதியின் பெயரைப் பெருமையோடு சொல்லியிருக்கிறான். அம்மா சம்பந்தி வீட்டில் சொல்ல, அது குவைத்துக்குப் போய்விட்டது. துரையின் அறையில் இருந்த யாரோ, அது தேனிலவுக்காரர்கள் மட்டும் போகிற இடமாயிற்றே என்று பற்றவைத்திருக்கிறார்கள். துரை தனக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்து விடுதிக்குப் போன் போட்டிருக்கிறான். வரவேற்பறைப் பெண் தேன் ஒழுகப் பதில் சொல்லியிருக்கிறாள்.

"மிஸ்டர் அண்ட் மிஸஸ் செல்வராஜ் பீச்சுக்குப் போயிருக்காங்களாம். சொல்றா ஒருத்தி! என் தங்கச்சி ஊர்ல பந்தக்கால் நட்டுட்டு உக்காந்திருக்கா. இவன் எவளக் கூட்டிக்கிட்டு பீச்சுக்குப் போயிருக்கான்?"

பரோட்டாவைத் தள்ளிவைத்தேன். வேலைக்குச் சேர்ந்து முதல் தடவையாக, ஒரு பயணியின் வீட்டாரிடம் முழு உண்மையைச் சொன்னேன். ஏர்லைன் மூடியது, லாட்ஜில் இடமில்லாதது, இயக்குநரின் விடுதி, பூ, பழம், சுப்ரமணியின் மீசை, ஒன்றையும் விடவில்லை.

துரை கேட்டுவிட்டுச் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை அது.

"நான் இங்க பல வருசமா இருக்கேங்க. ஒரு கம்பெனி எனக்குச் சும்மா ஒரு சாயா வாங்கிக் குடுத்ததில்ல. உங்க கம்பெனி சாகப்போற நேரத்துல லேபருக்கு பீச் ரூம் போட்டுக் குடுத்துச்சாக்கும்? பூப் போட்ட மெத்தையாக்கும்? காது குத்தி கடுக்கன் போட்டாச்சுங்க எனக்கு."

"அல்லா மேல ஆணையா தம்பி…"

"போன மாசம் துபாய்ல என் ஃப்ரெண்டு உங்க பிளேனுக்காகக் காத்துக் கெடந்தப்ப, பறவை போகுதுன்னு சொன்னது நீங்கதானே?"

நான் கையிலிருந்த பரோட்டா எண்ணெயை ஒரு டிக்கெட் உறையில் துடைத்தேன்.

"கலாஸ்ங்க, முடிஞ்சுபோச்சு. பேச ஒண்ணுமில்ல. சாயங்காலம் ஊருக்குப் போன் போட்டு கல்யாணத்த நிறுத்தச் சொல்லப் போறேன். அவமானம்தான். பரவால்ல, தங்கச்சி வாழ்க்க முக்கியம்."

அவன் வைக்கப் போகிறான் என்று தெரிந்தது. பந்தக்கால் நட்ட பிறகு நின்றுபோன கல்யாணத்தைப் பற்றி நம் ஊர்களில் எவ்வளவு காலம் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். பேச்செல்லாம் அந்தப் பெண்ணைப் பற்றித்தான் இருக்கும். உண்மை என்னைக் கைவிட்டுவிட்டது. எனக்குத் தெரிந்த தொழிலைத்தான் நான் பார்க்க வேண்டும்.

"தம்பி, வைக்காதீங்க. வெளிய சொல்லக் கூடாதுன்னு மேலிடத்துல சொல்லியிருக்காங்க. அதான் மறச்சேன்."

"என்னத்த மறச்சீங்க?"

"மாப்பிள்ள பெயிண்டர்தானே? அந்த ஹோட்டல்ல வேல நடக்குது. மாட்டிக்கிட்ட லேபர் எல்லாரையும் பெயிண்ட் அடிக்க விட்டிருக்கான் மொதலாளி. தங்குன வாடகைக்குக் கழிச்சுக்கிறானாம். அங்க எல்லாமே ஜோடி ரூமு, எந்த ரூம்ல யாரு பெயிண்ட் அடிக்கிறாங்களோ அவங்க பேருக்கு முன்னால மிஸ்டர் அண்ட் மிஸஸ் போட்டுத்தான் நோட்டுல எழுதுவாங்க."



"அப்ப பீச்சு?"

"மணல் அள்ளப் போயிருப்பாங்க தம்பி."

பிறகு துரையின் குரல் வேறு மாதிரி வந்தது.

"அடப்பாவிங்களா. கல்யாண மாப்பிள்ளையப் போயி… சோறாச்சும் போடுறானா?"

"போடுறான்."

"பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிட்டானா?"

நான் அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அவனே எடுத்துக்கொடுத்தான். "ஆமா" என்றேன்.

"நெனச்சேன்! எனக்கும் மொத வருசம் இப்பிடித்தான் பண்ணானுங்க." அவன் மூக்கை உறிஞ்சினான். "மச்சானப் போயி சந்தேகப்பட்டுட்டேனேங்க. வீட்ல நான் சொல்லிக்கிறேன். நீங்க அவர எப்பிடியாச்சும் ஊருக்கு அனுப்பிருங்க, பெரிய புண்ணியம்."

ஒரு பிடி கூட வீணாகாமல் என் பொய் முழுவதையும் அவன் வாங்கிக்கொண்டான். பழத்தையும் பூவையும் நம்ப முடியாத மனிதன், பிடுங்கப்பட்ட பாஸ்போர்ட்டைக் கேள்வி கேட்காமல் நம்பினான். அதில் அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்குத்தான் பரோட்டா இறங்கவில்லை.

சேர்த்து வைத்தவை

செல்வராசுக்கு மறுபடி போன் செய்து, இன்ன மாதிரி சொல்லியிருக்கிறேன், அதையே நீயும் சொல் என்றேன்.

"இங்க ஒரு தம்ளரக்கூட கழுவ விடமாட்டேங்கிறாங்க பாய். பெயிண்ட் அடிச்சேன்னு எப்பிடிச் சொல்றது?"

"சொல்லணும் தம்பி. இல்லன்னா கல்யாணம் இல்ல."

அவனுக்குப் பின்னால் கடல் சத்தம் கேட்டது.

"சரி பாய். அவகிட்டச் சொல்லணும்னு ஒவ்வொண்ணாப் பாத்து வச்சிருந்தேன். படுத்துக்கிட்டே கடல் தெரியுது, கண்ணாடித் தரையில மீன் போகுது, இதெல்லாம். பரவால்ல."

அந்தப் 'பரவால்ல' எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சுருக்கம். அண்டை நாட்டு விமானம் ஒன்று அவர்களை ஏற்றிக்கொண்டு வந்து ஊரில் இறக்கியது. ஏர்போர்ட்டுக்குப் பெண்ணின் அப்பாவே வந்திருந்தாராம். கடற்கரையில் படுத்துக் கிடந்து மாப்பிள்ளை நன்றாகக் கறுத்துப்போயிருந்தான். அதைப் பார்த்து, வெயிலில் வேலை வாங்கிவிட்டார்களே என்று அவர் அங்கேயே அழுதாராம். கல்யாணம் குறித்த முகூர்த்தத்தில் நடந்தது. மாப்பிள்ளைக்குத் தெம்பு வரட்டும் என்று மாமியார் வீட்டில் வாரக்கணக்கில் ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தார்களாம்.

துண்டு

நான் பிறகு சரக்கு அனுப்புகிற கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டேன். எங்கள் அலுவலகம் இருந்த இடத்தில் மொபைல் கடை வந்தது. பொம்மை விமானத்தை மேனேஜர் ஊருக்கு எடுத்துப்போய்விட்டார். பல வருடம் கழித்து, ஷார்ஜாவின் ரோலா கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் செல்வராசு என்னைப் பிடித்துக்கொண்டான். ஃபோர்மேன் ஆகி, குடும்பத்தை விசிட் விசாவில் அங்கே கூட்டிவந்திருந்தான். விடவில்லை, வீட்டுக்கு இழுத்துப்போனான்.

ஒரே அறைதான். சாம்பிராணி வாசனை. கலா மீன்குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"நீங்கதான் அந்த பாய் அண்ணனா? உங்களாலதான் எங்க கல்யாணமே நடந்துச்சுன்னு எங்கண்ணன் சொல்லிக்கிட்டே இருக்கும். இவரு அந்தத் தீவுப் பேச்சையே எடுக்கமாட்டாரு அண்ணே. நாங்களும் கேக்கிறதில்ல. அவ்வளவு பட்டிருக்காரு."

செல்வராசு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டிலில் அவர்களுடைய சின்ன மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலைமாட்டில், துண்டை மடித்துச் செய்த வெள்ளைக் கொக்கு. கழுத்து சற்றுச் சரிந்திருந்தது.

அவன் என்னைப் பார்த்தான். "பாய், இப்பச் சொல்லிரட்டா?"

கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்தாயிற்று. இனி என்ன? "சொல்லு தம்பி" என்றேன்.

அவன் சொன்னான். சேர்த்து வைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னான். பூ இதயம், கேட்காமல் வந்த பழம், படுத்துக்கொண்டே தெரிந்த கடல், கண்ணாடித் தரைக்குக் கீழே போன மீன். அத்தனை வருடம் ஆகியும் ஒன்றும் குறையவில்லை. குழம்பு ஆறிப்போகும்வரை சொன்னான்.

கலா கரண்டியை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நான் வருத்தப்படுறேன்னு இப்பிடியெல்லாம் சொல்றீங்க, இல்ல?"

"நெசந்தான் கலா. பாயக் கேளு."

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் என்னுடைய பழைய நிறுவனத்தின் சார்பில் இரண்டாவது தடவையாக உண்மையைச் சொன்னேன். "அத்தனையும் நெசம்மா. இவன் அங்க ராஜா மாதிரி இருந்தான்."

"நீங்களும் சேந்துக்கிட்டு என்னைத் தேத்துறீங்களே அண்ணே" என்றாள். "உங்களுக்கு ரொம்ப நல்ல மனசு." எனக்கு இன்னொரு துண்டு மீன் எடுத்து வைத்தாள்.

செல்வராசு எழுந்து கை கழுவிவிட்டு வந்து, கட்டிலில் சரிந்திருந்த கொக்கைக் கையில் எடுத்தான். கழுத்தை இழுத்து நிமிர்த்தி, மகளின் தலைமாட்டில் திரும்ப வைத்தான்.